வெள்ளைக் கூண்டில் கறுப்புக் குஞ்சு

முதல் குற்றம், பூசை மணிக்கு முன்பே கூவியது. இரண்டாவது, மடத்து மதிலில் ஏறி நின்று கூவியது. மூன்றாவது, இறங்கு என்று சொன்ன பிறகும் கூவியது. நான்காவது, மடத்து வெள்ளைப் பேடையைக் கெடுத்தது.

சீடர் விமலன் ஓலையைப் பார்த்து, ஊர்ச் சாட்சிகள் முன் வாசித்தார். குற்றவாளி வேம்பாயியின் கக்கத்தில் இருந்தது. பெயர் கரியன். கொண்டையைத் தவிர உடம்பெல்லாம் கறுப்பு. மடத்துத் துணி வெளுக்கும் வேம்பாயிக்கு அந்தச் சேவலை விட்டால் வேறு ஆண் துணை இல்லை.

மடம் புலால் உண்ணாது. ஆகவே தண்டனையை மணியக்காரர் வீட்டு அடுப்பு நிறைவேற்றும்.

அந்த மடத்தில் வெள்ளைக் கோழிகளுக்கு மட்டுமே இடம். மூத்த சேவலுக்கு, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் சீடரின் முன்னோர் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லும் விமலன், கொள்ளுப்பாட்டனாரின் பெயரைக் கொடுத்திருந்தார்: மாசிலாமணி. நேற்று அதன் கூண்டில், பஞ்சுக் குஞ்சுகளுக்கு நடுவே, கரித்துண்டு போல ஒன்று பொரிந்துவிட்டது. பாவம் என்றால் மதிலுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும் என்பது மடத்துக் கணக்கு.

"மதில்மேல நின்னுச்சு, ஒத்துக்கறேன்," என்றாள் வேம்பாயி. "நின்னதுக்கே குஞ்சு பொரிக்குமா சாமி?"

சாட்சிகள் சிரித்தார்கள். குளிக்கப் போன குரு, வெந்நீர்ப் பானையும் துண்டுமாக அங்கேயே நின்றார்.

"விமலா, கூண்டைப் பூட்டுவது யார்?"

"அடியேன்தான்."

"மறந்தது உண்டா?"

மறந்தேன் என்றால் பதவி போகும். "சாவி இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை, சுவாமி. குளிக்கும்போதுகூட!"

"அப்படியானால் கரியன் எந்த வழியாக வந்தான்?"

விமலன் மதிலைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். "பார்வையாலேயே கெடுத்திருக்கலாம்."

"உங்களையுந்தான் தெனம் பாக்குது," என்றாள் வேம்பாயி.

குரு பானையைக் கீழே வைத்து, கரி படிந்த அதன் மேல் வெள்ளைத் துண்டைப் போர்த்தினார்.

"என்ன நிறம்?"

"வெள்ளை. அடியில் கறுப்பு."

"மாசிலாமணியிடம் இருப்பது ஒரே துண்டு. பேடையிடமும் ஒன்றுதான். அதைப் போர்த்திக்கொண்டு இருவரும் வெள்ளையாகத் திரிகிறார்கள். சில குஞ்சுக்குத் தகப்பன் துண்டு கிடைக்கும், சிலதற்குத் தாயின் துண்டு. இந்தக் குஞ்சுக்கு, அவள் கொடுப்பாள் என்று அவன் இருந்துவிட்டான். அவன் கொடுப்பான் என்று அவள் இருந்துவிட்டாள்."

"பிறகு?"

குரு துண்டை உருவினார்.

விமலன் கரிப் பானையைக் குனிந்து பார்த்தார். "அப்படியென்றால் மாசிலாமணிக்குள்ளேயே…"

"கறுப்பு."

"அவருடைய தகப்பனாருக்குள்?"

"ஏழு தலைமுறை சொல்பவன் நீ. என்னைக் கேட்கிறாயே."

"சீக்கிரம் சொல்லுங்க சாமி," என்றாள் வேம்பாயி. "மணியக்காரர் வீட்டுல மசாலா அரைச்சாச்சாம்."

குரு துண்டை உதறித் தோளில் போட்டார். "கூவியதற்காக எந்தச் சேவலையும் குழம்பு வைக்க முடியாது. நான்காவதில் ஆள் மாறிவிட்டது. பெயரைத் திருத்தி வாசி, விமலா."

விமலன் ஓலைக்குள் முகத்தைப் புதைத்து ஏதோ முனகினார்.

"சாட்சிகளுக்குக் கேட்க வேண்டும்," என்றார் குரு.

"கறுப்புக் குஞ்சின் தகப்பன்," என்று விமலன் உரக்க வாசித்தார், "மாசிலாமணி."