மன்னர் விரலுக்கு மசியாத செயலி

முன்னொரு காலத்தில், ராஜாக்களும் இருந்து அவர்கள் கையில் செல்போனும் இருந்த காலத்தில், ஆம்பல் நாட்டைச் செங்கதிர்ராயர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. மூக்கு நுனியில் கோபம், அவ்வளவுதான்.

அவருக்காக அமைச்சர் அங்கயற்கண்ணி ஒரு செயலி செய்து கொடுத்திருந்தாள். தொட்டால் நாட்டு ஏரிகளின் நீர்மட்டமெல்லாம் திரையில் வரும். ஆனால் எல்லா ஏரியிலிருந்தும் தகவல் வந்து சேரும்வரை திரை அப்படியே உறைந்து நிற்கும். அன்று காலை மன்னர் தொட்டார், தட்டினார், குத்தியும் பார்த்தார். அது அசையவில்லை.

மனுக்கள் வாங்கும் அதிகாரி வீரகேசவருக்கு அமைச்சர் பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். "மன்னர் விரலை மதிக்காத செயலி, செய்தவர் மனசைத்தானே காட்டுகிறது பிரபு" என்று கொளுத்திப் போட்டார்.

மன்னருக்குச் சுர்ரென்று ஏறியது. "சாயங்கால முரசுக்குள் இது எனக்குப் பதில் சொல்லவேண்டும், அமைச்சரே. ஒரு ஏரிகூட விடுபடக் கூடாது. முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடும்."

தூரத்து ஏரியின் தகவலை அங்கயற்கண்ணியால் பக்கத்தில் இழுத்துவர முடியுமா? செயலிக்குள்ளே திரையைக் கவனிக்கிற வேலைக்காரனையே ஏரிக்கும் அனுப்பியதுதான் தன் தப்பு என்று புரிந்தது. பின்னணியில் வேறு வேலைக்காரர்களை விட்டாள். அவர்கள் தகவலோடு வந்து நேரே திரையில் எழுதப் போனார்கள். வேற்றாள் கை பட்டதும் செயலி பொத்தென்று மூடிக்கொண்டது. அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். மன்னர் இலைமுன் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிற சோணாசலம் ஒருவர்தான் இலையைத் தொடலாம், மன்னரோடு பேசலாம். வேறு யார் கிட்டே போனாலும் மன்னர் எழுந்துவிடுவார், சாப்பாடு அத்தோடு முடிந்தது. அதை நினைத்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. சோணாசலத்தின் காதில், "இன்றைக்கு வடையை நீங்களே போய்ச் சுட்டு வாருங்கள்" என்றாள்.

அவர் போனார். மன்னருக்கு விக்கல் வந்தது. "தண்ணீர்" என்றார். ஒருவரும் அசையவில்லை. மறுபடி கேட்டார். முகம் சிவந்தது. தலை போய்விடும் என்றே அங்கயற்கண்ணி நினைத்தாள். ஒருவழியாகச் சோணாசலம் வடைத்தட்டோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றினார்.

சாப்பாடு முடிந்ததும் மன்னர், "யார் வேலை இது?" என்றார்.

"என் வேலைதான் பிரபு. செயலியிலும் இதே தப்பைத்தான் செய்துவிட்டேன். பரிமாறுகிறவர் இலையைவிட்டு நகரக் கூடாது. வடையை உள்ளே வேறு ஆள் சுடட்டும். சுட்டதை இவர் கையில் கொடுத்தால், இவரே இலையில் வைப்பார்."

மன்னர் உம்மென்று போய்விட்டார். அவள் செயலியைத் திருத்த ஓடினாள்.

முரசடிக்கும் நேரத்தில் மன்னர் பொத்தானைத் தொட்டார். திரையில் சின்னச் சக்கரம் சுழன்றது. 'தகவல் வந்துகொண்டிருக்கிறது' என்றது. மேலே தள்ளினார், நகர்ந்தது. நிறுத்தச் சொன்னார், நின்றது. மறுபடி கேட்டார். ஏரிகள் ஒவ்வொன்றாக வந்து நிறைந்தன.

"காலையில் பிடித்த அதே நேரம்தானே பிரபு இப்போதும் பிடித்தது?" என்றார் வீரகேசவர்.

"ஆமாம். ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை" என்ற மன்னர், சாளரம் வழியே வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு கூட்டம் நின்றது. "அவர்கள் எதற்கு நிற்கிறார்கள்?"

"மனு கொடுத்தவர்கள். பரிசீலனையில் இருக்கிறது பிரபு."

"அதை அவர்களிடம் சொன்னீரா?"

"அதையுமா சொல்லவேண்டும் பிரபு?"

"மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும், அமைச்சரே" என்றார் மன்னர். "வீரகேசவரே, இன்றுமுதல் உமக்கு வாசலில்தான் வேலை. மனுவைத் தேட உள்ளே வேறு ஆள் போவான். நீர் அங்கேயே நின்று, கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும்."

வீரகேசவர் இறங்கிப் போனார். கூட்டத்திலிருந்த ஒரு பெண் முன்னால் வந்து, "ஐயா, என் வாய்க்கால் மனு என்னாச்சுங்க?" என்று கேட்டாள். மேலேயிருந்து மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேடப் போயிருக்காங்கம்மா" என்றார் வீரகேசவர்.