கயிறு கைமாறும்போது

“குடுத்துப்போட்டுப் பறிச்சுக்கிட்டவனே, நீயெல்லாம் ஒரு பெரிய மனுசனா? சந்தையிலே எந்தக் கேடுகெட்டவனும் இந்த வேலையைச் செய்யமாட்டான்.”

செங்கோடன் எழுதிய கதை இப்படித்தான் தொடங்கியது. அந்த ‘அவன்’ யாரென்று கதையில் எங்கேயும் பெயர் கிடையாது. தெய்வமோ, விதியோ, எமனோ, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எவன் எடுத்தானோ அவனுக்குத்தான் வசவு.

செங்கோடன் மாட்டுத் தரகர். பள்ளிக்கூடத்தில் நிலையாக உட்கார்ந்தவர் இல்லை. மூட்டை தூக்கி, உதைபட்டு, நாலு பேரிடம் ஏமாந்து, அப்புறம் ஒருத்தனையும் ஏமாற்ற விடாமல் நிமிர்ந்தவர். எழுத்துக்கூட்டப் பழகியதே சந்தைச் சுவரொட்டிகளைப் பார்த்துத்தான். அப்புறம் கதை எழுதும் கிறுக்கும் பிடித்துக்கொண்டது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு ஒரே மகள், மயிலாத்தா. போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவளை ஒன்பது வயதிலேயே கொண்டுபோய்விட்டது.

“என்னை ஒரு கதையிலே போடுப்பா” என்று அவள் ஓயாமல் நச்சரிப்பாள். “ஆகட்டும், ஆகட்டும்” என்று சொல்லியே இவர் காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது போடப் பார்க்கிறார். எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். ஆனால் எழுத எழுத அவள் விலகிப் போனாள். முந்தாநாள் கண்ணை மூடிக்கொண்டு அவள் சிரிப்பை நினைத்துப் பார்த்தார். வரவில்லை.

இன்று காலை கரட்டடி மடத்துக்கு ஒரு மாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. கதைத் தாள்களையும் மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

மடத்துத் தலைவி தெய்வானையம்மை அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் செங்கோடன் இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் அடங்குவார் என்றால், அது அந்த அம்மைக்குத்தான். “சாமி” என்றுதான் கூப்பிடுவார்.

அம்மை மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாட்டைப் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

“இருங்க சாமி. கயித்தை வாங்கறதுக்கு முந்திக் காதைக் குடுங்க. இவ குடையைக் கண்டா மிரளுவா. விரிச்சுக்கிட்டுக் கிட்டக்கப் போயிராதீங்க. தவிட்டுத் தண்ணியிலே நாலு கல்லு உப்பு விழுந்தாத்தான் வாயே வெப்பா. அதட்டினீங்கன்னா பாலை அடக்கிக்குவா, வீம்புக்காரி. கழுத்துக்கடியிலே கொஞ்சம் சொறிஞ்சு விட்டுட்டு உக்காந்தீங்கன்னா, சொம்பு நொம்பற வரைக்கும் அசையமாட்டா.”

அம்மை சிரித்தார். “நேத்துச் சந்தையிலே ஒரு குறையுமில்லாத மகாலட்சுமின்னு சொன்னீங்களாமா, தரகரே?”

“அது பேரமுங்க சாமி. பேரத்திலே குறையைச் சொல்றவன் கஞ்சிக்கில்லாமத்தான் கிடக்கோணும். ஆனா பேரம் முடிஞ்சு கயிறு கைமாறுறப்போ குணத்தைச் சொல்லாதவன் மனுசனே இல்லை.”

“அதுதான் முடிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்குச் சொல்றது?”

“என்னங்க சாமி இப்படிக் கேக்கறீங்க? சொல்லாட்டிப் போற எடத்துலே மாடல்ல அடி வாங்கும்?”

அம்மை தலையை ஆட்டிக்கொண்டு கயிற்றை வாங்கித் தறியில் கட்டினார்.

செங்கோடன் மடியிலிருந்து தாள்களை எடுத்தார். “படிச்சுக் காட்டட்டுங்களா?”

“படிங்க.”

வசவில் தொடங்கினார். அப்புறம் மகள் வந்தாள். நிலாவைப் போன்ற முகம் உடையவள். சொன்ன சொல் தட்டாதவள். போட்டதைச் சாப்பிடுவாள். ஒருநாளும் அடம்பிடித்து அறியாதவள். ஊரே மெச்சும் உத்தமி. படிக்கப் படிக்கச் செங்கோடனின் குரல் உலர்ந்துகொண்டே போனது. பக்கத்தில் மாடு அசைபோட்டது.

படித்து முடித்தார்.

“மாட்டை எனக்கு நல்லாத் தெரியுது” என்றார் அம்மை. “இந்தப் பொண்ணைத்தான் யாருன்னு தெரியலை.”

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “எம் புள்ளையையும் மாட்டையும் ஒண்ணாச் சேத்துப் பேசறீங்களா? சாமியாச்சேன்னு பாக்கறேன்!”

“வேற ஆளா இருந்தா?”

“பல்லைப் பேத்திருப்பேன்.”

“பேத்துக்கலாம், பல்லு எங்கேயும் போயிராது. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இன்னும் யாருகிட்டப் பேரம் பேசிக்கிட்டிருக்கறீங்க?”

“பேரமா?”

“நிலா மூஞ்சிங்கறீங்க, உத்தமிங்கறீங்க. வெலை ஏறிக்கிட்டே போகுதுங்களே. வெலை ஏறுச்சுன்னா திருப்பிக் குடுத்துருவானாக்கும்?”

செங்கோடன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். எத்தனை பேரைப் பேச்சாலேயே மடக்கியவர்! இந்த ஒருத்தனையும் மடக்கிவிடலாம் என்று இத்தனை நாளும் இரவும் பகலுமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

“குடுக்கமாட்டானுங்க” என்றார் கடைசியில்.

“அப்போ பேரம்?”

“முடிஞ்சுபோச்சுங்க சாமி.”

“கயிறு கைமாறுறப்போ என்ன சொல்லி அனுப்புனீங்க?”

செங்கோடன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. மகள் போன நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்றுகூட இப்போது நினைவில்லை.

அம்மை பக்கெட்டிலிருந்த தவிட்டுத் தண்ணீரை மாட்டின் தொட்டியில் ஊற்றி, உப்புக்கல்லை எண்ணிப் போட்டார்.

“இருட்டுன்னா அவளுக்குப் பயமுங்க” என்றார் செங்கோடன்.

“சரி.”

“தலைமாட்டிலே விளக்கு எரியோணும். அமத்தினா எந்திரிச்சுக்குவா.”

“அப்புறம்?”

“பொய் சொல்லுவாளுங்க. வாயைத் தொறந்தாப் பொய். ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து நிக்கறா. டீச்சர் பாம்பு கடிச்சுச் செத்துப்போயிட்டாங்களாமா, லீவு உட்டுட்டாங்களாமா. நானும் அட பாவமேன்னு, அவளைக் கூட்டிக்கிட்டு டீச்சர் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போறேன். எதுத்தாப்பிலே டீச்சர் சைக்கிள்லே வர்றாங்க.”

அம்மை திரும்பிப் பார்த்தார். “அவ என்ன சொன்னா?”

“‘பொழைச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குதுப்பா’ங்கறா!”

அம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கெட் கையிலிருந்து நழுவிக் கணகணவென்று உருண்டது. செங்கோடனும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீருக்குள் சைக்கிளைப் பார்த்து முழித்துக்கொண்டு அவள் நின்றாள். முன்பல் விழுந்த ஓட்டை தெரிய, ஈயென்று இளித்துக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டாளுங்க சாமி” என்றார். “சிரிக்கறா.”

“எழுதுங்க” என்றார் அம்மை. வேறொன்றும் சொல்லவில்லை.

செங்கோடன் வேப்பமரத்தடிக்குப் போய்க் குந்தினார். தாள்களைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். முதல் வரியை மட்டும் மாற்றவில்லை. இந்த முறை ஒன்றையும் கிழிக்கவும் இல்லை. அம்மை மாட்டின் கழுத்தடியைச் சொறிந்து விட்டுச் சொம்போடு உட்கார்ந்தார். பால் இறங்கியது.

வெயில் ஏறியபின் செங்கோடன் எழுந்து வந்து படித்தார்.

“குடுத்துப்போட்டுப் பறிச்சுக்கிட்டவனே, நீயெல்லாம் ஒரு பெரிய மனுசனா? சரி, பறிச்சதுதான் பறிச்சே, குணத்தையாவது கேட்டுக்கோ. இவளுக்கு இருட்டு ஆகாது. தலைமாட்டிலே விளக்கு வை. தலை சீவ வந்தாக் கடிப்பா. சிக்கு இருக்கற எடத்துலே மெதுவாச் சீவு, கடிக்கமாட்டா. கருவேப்பிலையைப் பொறுக்கி உன் வட்டல்லே போடுவா. பேசாமத் தின்னு. பொய் சொல்லுவா. நம்பற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ, அவளுக்கு அது போதும். தூங்கறதுக்கு முந்திக் கதை கேப்பா. என்னை மாதிரி ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லாதே. சொல்லு. அவளையும் அதுலே போட்டுச் சொல்லு.”

தாளை மடித்தார். நெஞ்சின்மேல் கிடந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்டது போல இருந்தது. தன்னை அறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“பசிக்குதுங்க சாமி” என்றார், ஆச்சரியத்தோடு.

அம்மை ஒரு சொம்புப் பாலைக் கொடுத்தார். அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“சாமி, இத்தனையும் சொல்லிப்போட்டேன். அவன் கேப்பானுங்களா?”

தெய்வானையம்மை ஒரு நாயைக்கூட மரியாதை இல்லாமல் விரட்டி யாரும் கேட்டதில்லை. அவர் வெறுங்காலோடு வெயிலில் இறங்கினார். முற்றத்தின் நடுவில் போய் நின்று, தலையை மேலே தூக்கினார்.

“டேய்! காதிலே விழுந்துச்சா? போய் விளக்கை ஏத்துடா!”