நாலு எழுத்தும் ஒரு யானையும்

மருதங்காட்டு சமஸ்தானத்து ராஜா விசயரங்க பூபதிக்கு எல்லாம் இருந்தது, நிதானம் ஒன்றைத் தவிர. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள் துபாஷி தாண்டவராயர்தான். ராஜாவுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்ப்பது அவர் உத்தியோகம். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை சளி பிடித்து வீட்டில் படுத்துவிட்டார். வினையும் அன்றைக்குப் பார்த்துத்தான் வந்தது.

மறுநாள் அரண்மனைக்குப் போனால் ராஜா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி விரித்தபடி கிடக்கிறது.

"அலங்காரி நம்மை விட்டுப் போய்விடும்போல இருக்கிறது, ஓய்" என்றார் ராஜா.

அலங்காரி என்பது பட்டத்து யானை. தினமும் தாண்டவராயர் தலைப்பாகையைத் தும்பிக்கையால் தூக்கிக்கொண்டு, வெல்லம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். அந்தப் போக்கிரி இல்லாத அரண்மனையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நடந்தது இதுதான். கும்பினிக் காலத்துப் பங்களாவில் குடியிருந்த க்ரம்பிள்டன் துரை வெள்ளிக்கிழமைதோறும் ராஜாவோடு ஒரு சொல் விளையாட்டு ஆடுவார். ஒருவர் சில எழுத்துகளைக் கொடுப்பார். அவையெல்லாம் வருகிற மாதிரி ஓர் இங்கிலீஷ் வார்த்தையை மற்றவர் சொல்லவேண்டும். ராஜாவுக்கு இங்கிலீஷ் தகராறு. ரோஷம் மட்டும் தாராளம்.

"ஜே, எக்ஸ், க்யூ, இசட். இந்த நாலும் ஒரே வார்த்தையில் வரவேண்டுமாம். வெள்ளைக்காரர்கள் எழுதிப் புழங்குகிற வார்த்தையாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனையாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அவருடைய புது மோட்டார் எனக்கு. சொல்லாவிட்டால் அலங்காரி அவருக்கு."

"மகாராஜா ஒப்புக்கொண்டீர்களா?"

"நீர்தான் பக்கத்தில் இல்லையே. கண்டுபிடித்துக் கொடும். முடியாவிட்டால் யானையோடு நீரும் போய்விடும். அங்கே அதனிடம் தமிழில் பேச ஆள் வேண்டாமா?"

அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷில் இல்லவே இல்லை என்பது தாண்டவராயருக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அகராதியை மூடி ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார்.

"துரைக்கு நம் சமஸ்தானத்தில் இதுவரை ஏதாவது பட்டம் கொடுத்திருக்கிறோமா, மகாராஜா?"

"யானையைப் பிடுங்க வருகிறவனுக்குப் பட்டம் ஒரு கேடா?"

"நாளைக்குத் தர்பார் கூட்டச் சொல்லுங்கள். மற்றதை அடியேன் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழியும் இல்லை. தர்பார் கூடியது. மேளம் முழங்க, க்ரம்பிள்டன் துரைக்கு 'ஜாக்ஸ்குவிஸ் பகதூர்' என்று பட்டம் சூட்டினார்கள். பட்டுத் துணியில் அந்தப் பட்டத்தைத் தாண்டவராயரே பொன்மையால் இங்கிலீஷில் எழுதியிருந்தார். தான் கேட்ட நாலு எழுத்தும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததைத் துரை கவனிக்கவே இல்லை. பட்டம் வாங்குகிறவன் எழுத்துக் கூட்டியா பார்த்துக்கொண்டிருப்பான்? திருச்சிராப்பள்ளியையே ட்ரிச்சினாப்பலி என்று எழுதுகிற கூட்டத்துக்கு எந்த எழுத்து எங்கே வந்தால் என்ன?

துரையைவிடத் துரைசானிக்குத்தான் தலைகால் புரியவில்லை. பட்டணத்தில் இருக்கும் அவருடைய அக்காள் புருஷனுக்கு ஏற்கெனவே இரண்டு பட்டம். அந்த அக்காள் வாயை அடைக்க இந்தம்மாள் எத்தனையோ வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளே பங்களா வாசலில் பளபளவென்று புதுப் பித்தளைப் பலகை தொங்கியது. துரையின் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் பட்டம். விசிட்டிங் கார்டிலும் அதுதான். சாப்பாட்டு மேசைக் கைக்குட்டைகளில்கூட அம்மாளே உட்கார்ந்து தைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. துரை மனைவியோடு மோட்டாரில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு பாகன் சங்கிலியோடு நின்றான்.

"வார்த்தை கிடைத்ததா?" என்றார் துரை, மீசையைத் தடவிக்கொண்டே.

"கிடைத்தது" என்றார் தாண்டவராயர். ஜே, ஏ, எக்ஸ், க்யூ, யூ, ஐ, இசட் என்று ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொல்லி, கடைசியில் சேர்த்துச் சொன்னார். "ஜாக்ஸ்குவிஸ்."

துரையின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"இது மோசடி. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. நீர் கட்டிவிட்டது."

"யார் கட்டியது என்று நிபந்தனையில் இல்லையே, துரையவர்களே. வெள்ளைக்காரர்கள் எழுதிப் புழங்கவேண்டும் என்றுதானே சொன்னீர்கள்? தங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. தங்கள் கார்டில் அச்சடித்திருக்கிறது. வெறும் உளறல் என்று தாங்களே சொல்லிவிட்டால் சரி. பலகையைக் கழற்ற இப்போதே ஆசாரியை அனுப்புகிறேன். பட்டத்தையும் மகாராஜா திரும்ப வாங்கிக்கொள்வார்."

துரை வாயைத் திறந்தார். அதற்குள் துரைசானி எழுந்துவிட்டார்.

"எட்வின், அது வார்த்தைதான். நான் அக்காவுக்கு எழுதிப் போட்டாயிற்று. மோட்டாரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்."

அப்புறம் பேச என்ன இருக்கிறது? அரண்மனை மாட்டுவண்டி ஒன்றைப் பூட்டச் சொல்லி, இரண்டு பேரையும் மரியாதையாக ஏற்றி அனுப்பினார்கள். பாகன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.

வண்டி கோட்டை வாசலைத் தாண்டும்வரை ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டார்.

"எல்லாம் சரி, ஓய். அந்த ஜாக்ஸ்குவிஸுக்கு என்னதான் அர்த்தம்?"

"போன வாரம் ஒரு அர்த்தமும் கிடையாது, மகாராஜா" என்றார் தாண்டவராயர். "இன்றைக்குத்தான் வந்தது. யானை கேட்டு வந்து மாட்டுவண்டியில் போனவர் என்று அர்த்தம்."