ஆள்காட்டிக் குருவிக்குத் தொண்டை அடைத்த கதை

குளத்தங்கரைக் காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதற்கு வாயை மூடவே தெரியாது! புலி வந்தாலும் கத்தும், புள்ளிமான் தும்மினாலும் கத்தும். "சரியான ஓட்டைவாய்!" என்று மற்ற விலங்குகள் கேலி செய்யும். ஆனாலும் அது சும்மா இருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தம். அந்தத் தைரியத்தில்தான் எல்லாமே மேய்ச்சலுக்கு வரும்.

அந்தக் கோடையில் குருவி கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டிருந்தது. ஒரு நண்பகலில் நரி ஒன்று நேராக அங்கேயே வந்து நின்றது. குருவிக்குப் பகீரென்றது.

"பயப்படாதே தங்கச்சி! இந்த முட்டை எனக்குப் பல்லுக்குக்கூடப் பத்தாது," என்றது நரி. "சாயங்காலம் முயல்கள் மேய வரும். நான் அந்தப் புதரில் பதுங்கியிருப்பேன். நீ கத்தாமல் இருந்தால் போதும், முட்டையைத் தொடவே மாட்டேன். கத்தினாயோ, நாலும் போச்சு!"

"அதுங்க என்னை நம்பித்தானே வருதுங்க?"

"நீயா கடிக்கப் போறே? சும்மா இருக்கிறது ஒரு பாவமா? இது நமக்குள்ளேயே இருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு நரி நகர்ந்தது.

குருவி முட்டைகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. பெற்ற வயிறு அல்லவா! 'நரி சொல்றதும் சரிதானே? நான்தான் ஒண்ணுமே செய்யலையே!' என்று பொழுதுக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தது.

வெயில் தாழ்ந்தது. தாய் முயல் ஒன்று குட்டிகளோடு துள்ளி வந்தது. "ஆள்காட்டியக்கா! இன்னிக்குத்தான் இதுங்க முதல்முதலா வெளியே வருதுங்க. நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான்! மேய விடலாமா?"

"விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்த குருவிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கண்டதையெல்லாம் ஊருக்கே கூவுகிற குருவியால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. 'நான் செய்றது நியாயம்னா இவகிட்ட ஏன் சொல்ல முடியலை? என் குஞ்சுகளை இவ இப்படி விட்டுக்கொடுத்தா நான் சும்மா இருப்பேனா?'

"ஓடு! ஓடு! புதருக்குள்ள நரி! முட்டையைக் காட்டி என்னை மிரட்டுது!" என்று காடே அதிர அலறியது.

முயல்கள் சிட்டாய்ப் பறந்தன. நரி பல்லைக் கடித்துக்கொண்டு முட்டைகளை நோக்கிப் பாய்ந்தது. குருவி இறக்கையை விரித்துக் குறுக்கே நின்றது. ஐயோ பாவம், அந்தச் சின்ன இறக்கையால் என்ன ஆகும்?

நல்ல வேளை! அலறல் கேட்டு, குளத்தில் ஊறிக் கிடந்த எருமைகள் எழுந்து ஓடிவந்தன.

"எவன்டா அவன், நம்ம குருவியை மிரட்டுறது?" என்று கொம்பைத் தாழ்த்தின. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தது!

குருவி திரும்பி முட்டைகளைப் பார்த்தது. நாலுமே முழுசாக இருந்தன. "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டது. அதற்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநொடியே பழையபடி கத்த ஆரம்பித்தது: "எருமையண்ணே, பார்த்துத் திரும்புங்க! முட்டையை நீங்க மிதிச்சுடப் போறீங்க!"

நம் முடிவால் யாருக்குக் கெடுதல் வருமோ, அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியவில்லை என்றால், எத்தனை லாபம் தந்தாலும் அது நல்ல முடிவல்ல.