மனுவின் நான்கு மூலைகள்

“நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுங்க, சாமி. நாளைக்குக் கோர்ட்டில் போடணும்.”

கோதண்டபாணிக்கு எழுபத்தொரு வயது. மடத்துச் சாமியாருக்கு நாற்பது இருக்கும். பெரியவர்தான் மனுவை நீட்டினார்.

“என்ன வழக்கு?”

“அதேதான். அப்பா விட்டுப்போன நாற்பத்திரண்டு சென்ட். அண்ணன் வரதப்பன் எடுத்துக்கிட்டது.”

“அது அண்ணனுக்குத்தான்னு மூணு கோர்ட்டும் சொல்லிடுச்சே?”

“சொல்லிடுச்சு. புது வக்கீல் வேற மாதிரி போட்டுப் பார்க்கலாங்கறார்.”

“அந்த மூணு மனுவுக்கும் மஞ்சள் தடவினது யாரு?”

“உங்க குருநாதர்.”

“மூணும் தோத்துப்போச்சு.”

“பழைய மஞ்சளா இருந்திருக்கும், சாமி.”

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்.

“உங்க மகன் என்ன சொல்றார்?”

“இதை நாளைக்குப் போட்டா, என் சாவுக்குக்கூட வரமாட்டேன்னுட்டான்.”

“அப்புறம்?”

“நிலம் வந்தா அவனும் வருவான்.”

சாமியார் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தார்.

“எல்லை சொல்லுங்க, பெரியவரே.”

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார்.

“கிழக்கே வாய்க்கால். மேற்கே வண்டிப்பாதை. வடக்கே கோயில் மானியம். தெற்கே சின்னக்கண்ணு தோட்டம்.”

ஒரே மூச்சில் சொன்னார். முப்பத்தொரு வருட வழக்கில் வந்த பழக்கம்.

“யார் மேல வழக்குன்னு பெருமாள்கிட்டச் சொல்லணும். பேரும் நட்சத்திரமும் வேணும். அண்ணனுக்கு என்ன நட்சத்திரம்?”

“அண்ணன் இல்லை, சாமி. மாசியில செத்துட்டார்.”

“போனீங்களா?”

“போகலை. எனக்கே வக்கீல் சொல்லித்தான் தெரியும். இனி வாரிசுகள் மேல போடணும்னார்.”

“சரி. வாரிசுகள் பேரைச் சொல்லுங்க.”

கோதண்டபாணி மனுவைத் திரும்ப வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரியில் விரல் வைத்துப் படித்தார்.

“ஒண்ணு, அலமேலு, மனைவி. ரெண்டு, ஸ்ரீதரன், மகன். மூணு...”

விரல் நின்றுவிட்டது.

“மூணு?”

“ரங்கநாயகி. மகள். வயசு இருபத்தெட்டு.”

“நட்சத்திரம்?”

“தெரியாது, சாமி. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.”

சாமியார் விரலில் இருந்த மஞ்சள் காயத் தொடங்கியது.

“அண்ணன் எங்க அம்மா பேரை வெச்சிருக்கார்” என்றார் கோதண்டபாணி. “அம்மாவுக்கு ரேவதி நட்சத்திரம்.”

சாமியார் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே தடவுங்க.”

கோதண்டபாணி விரலை மஞ்சளில் தோய்த்தார். மனு மடியில்தான் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தும், மனுவின் மூலை ஒன்றுகூட அவருடைய கலங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை.