மில்லுச் சங்கும் வார் இல்லாத வாட்ச்சும்

ஒரு ஊர்ல ஒரு நூல் மில்லு. அந்த மில்லுக்கு ஒரு சங்கு. கோயில்ல ஊதுற சங்கு இல்ல கண்ணு. கூரை மேல வச்சிருப்பான், "ப்பூ...ஊ...ஊ"ன்னு ஊர் முழுக்கக் கத்தும். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம். காலையில உள்ள கூப்பிடும்போது ஏழு மணிக்கு டாண்ணு ஊதும். மத்தியானம் வெளிய விடும்போது மட்டும் மூணு மணிக்கு ஊதாது. மூணு பத்துக்குத்தான் ஊதும்.

"சங்குக்கு மணி பார்க்கத் தெரியாதா?"

சங்கா ஊதுது? ஊதுறவன் ஊதுறான். அவனுக்கு மேல ஒருத்தன் சொல்றான். வேலை பார்க்கிறவங்க ஊருக்குப் போற பஸ் மூணு அஞ்சுக்குக் கெளம்பிரும். அதை விட்டா அஞ்சரைக்குத்தான். ம் கொட்டு.

"ம்."

அந்த மில்லுல வெள்ளியங்கிரின்னு ஒருத்தர் இருந்தார். அவர்கிட்ட சாவி கொடுக்கிற பழைய வாட்ச் ஒண்ணு. தினம் காலையில ரேடியோ செய்தியோட சேர்த்து முள்ளைத் திருப்பி வைப்பார். மில்லுக்குள்ள மெஷின் சத்தம், கடகட கடகடன்னு, பேசினா காதுல விழாது. அதனால சரியா மூணு மணிக்கு, வாட்ச் தெரியுற மாதிரி இடது கையைத் தூக்குவார். அவ்வளவுதான். அத்தனை பேரும் அடுத்த ஷிப்டுக்கு மெஷினை விட்டுட்டு வெளிய நடப்பாங்க. போனைக் கேட்லயே வாங்கி வச்சுக்குற கம்பெனி, வாட்ச்சுக்குத் தடை போட மறந்துடுச்சு. மேஸ்திரி பல்லைக் கடிப்பான். மணி மூணுன்னு இருக்கும்போது என்ன பேசுவான்?

அப்புறம் ஒரு நாள் வெள்ளியங்கிரி நெஞ்சுல பஞ்சு அடைச்சுச் செத்துப் போனார். வாட்ச் அவர் மகள் மயிலாத்தாளுக்கு வந்துது. அவளும் அதே மில்லுதான். அவளும் கையைத் தூக்கினா. ரெண்டு வருஷம் பஸ் தவறல.

அப்போ ஒரு நாள், கையைத் தூக்குறா, "பட்". வார் அறுந்து வாட்ச் பஞ்சுக் குவியல்ல விழுந்துது. நல்ல வேளை, ஓட்டம் நிக்கல. ஆனா கட்ட வார் இல்ல. ரெண்டு கையும் அறுந்த இழையை ஒட்டிக்கிட்டே இருக்கணும், வாட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு எப்படி நிப்பா? மறுநாள் கை தூக்கல. சங்கு மூணு பத்துக்கு ஊதுச்சு. பஸ் போயிருச்சு.

துளசிமணின்னு ஒருத்தி, வீட்ல ஆறு மாசக் கைக்குழந்தை. பால் கட்டி ஜாக்கெட் நனைஞ்சு போய் ரோட்டோரம் நிக்கிறா. "அக்கா, சீக்கிரம் வார் போடுக்கா. புள்ள அழுது தொண்டை கட்டிக்குதாம்."

அப்புறம் மயிலாத்தா, வாட்ச் ரிப்பேர் பண்ற ஹனீபா பாய் கடைக்குப் போனா. பாய் கண்ணுல பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தார்.

"அம்மிணி, இது அந்தக் காலத்து வாட்ச். வார் மாட்டுற கம்பியை உடம்போடவே ஒட்டியிருக்கான். கழட்ட முடியாது. இப்ப வர்ற வார் எதுவும் ஏறாது."

"அப்ப தூக்கிப் போட்டுடச் சொல்றீங்களா பாய்?"

"உங்கப்பன் மாதிரியே சண்டைக்கு வா. இரு, தேடுறேன்."

டப்பாவைக் கவிழ்த்தார், கலகலன்னு கொட்டுச்சு. முதல்ல ஒரு இரும்புச் செயின், முனையில கொக்கி வச்சது. கம்பியில மாட்டினார். ஜம்முன்னு இருந்துது. ஆனா மெஷின்கிட்டே இரும்பு ஆகாது. மோதிரம் போட்டுக்கிட்டு வந்தவ ஒருத்திக்கு விரலே போயிருக்கு. செயின் நூல்ல சிக்கி "நறுக்"குன்னு கையை இழுத்துது. மயிலாத்தா உதறிக்கிட்டு அன்னைக்கே கழட்டிட்டா.

ரெண்டாவது, தோல் வார். பாய் கம்பியைச் சுத்தி மடிச்சுத் தைச்சுக் கொடுத்தார். மில்லுக்குள்ள நூல் அறாம இருக்க எந்நேரமும் "புஸ்ஸு புஸ்ஸு"ன்னு தண்ணிப் புகை அடிப்பான். நாலே நாள். தோல் ஊறிச்சு, நாறிச்சு, பூசணம் பூத்துது, தையல் விட்டுது. "பொத்"து.

மூணாவது... தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவதைக் கடையில வாங்கல. மெஷின்ல நூல் ஏறுற கம்பி, கதிருன்னு பேரு, அதைச் சுத்த வைக்கிற நாடா ஒண்ணு உண்டு, டேப்புன்னு சொல்வாங்க. விரல் அகலம், தண்ணிக்கும் ஊறாது, எத்தனை இழுத்தாலும் அறாது. தேஞ்சு போனதைக் கழட்டிக் குப்பையில போடுவாங்க. பெருக்கித் தள்ளின குப்பையில இருந்து ஒரு முக்கால் சாண் எடுத்தா. கம்பிக்குள்ள நுழைச்சா, சரக்குன்னு ஏறிச்சு. அந்த வாட்ச்சுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி. மூணு மணிக்குக் கை தூக்கினா. துளசிமணி ஓடிப் போய் பஸ்ல ஏறினா.

ஒரு வாரந்தான். அப்புறம் கேட்ல செக்யூரிட்டி கையைப் பிடிச்சான்.

"ஏம்மா, இது கம்பெனி டேப் இல்ல?"

விசாரணை வச்சாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீசர்.

"எங்க எடுத்தே?"

"குப்பையிலங்க."

"குப்பை யாருது?"

ஆபீசரே பதிலும் சொன்னார்.

"குப்பையும் கம்பெனியோடதுதான். குப்பையில எடுத்ததுக்காவது சாட்சி இருக்கா?"

இருந்தாங்க, மூணு பேர். பக்கத்துலயே நின்னவங்க. முதல்ல நாகரத்தினத்தைக் கேட்டாங்க. "கவனிக்கலைங்க." அடுத்து செல்லாத்தா. "அன்னைக்கு நான் லீவுங்க." லீவு இல்ல. மூணாவது துளசிமணி. மயிலாத்தா அவ மூஞ்சியையே பார்த்தா. அவ தரையைப் பார்த்தா.

"நான் பார்க்கலைங்க."

திட்டாதே கண்ணு. அவளுக்கும் அந்த வேலையை விட்டா வேற இல்ல. திட்டித் தீருமுன்னா நான் எப்பவோ திட்டியிருப்பேன்.

மயிலாத்தா எழுந்திருச்சுக் கேட்டா. "முக்கால் சாண் டேப்பை எடுத்தவ திருடி. சரிங்க. ஆயிரம் பேர்கிட்ட தினம் பத்து நிமிஷம் எடுத்தவங்க யாருங்க?"

"அது இந்த விசாரணையில வராது"ன்னார் ஆபீசர். கத்திரியை எடுத்தார். "கறக்." வாரை வெட்டி ஒரு கவர்ல போட்டு நம்பர் எழுதினார். வெறும் வாட்ச்சை அவ பக்கம் தள்ளினார். வேலை போச்சு.

மறுநாள் மத்தியானம் அவ மில்லு மதிலுக்கு வெளிய வந்து நின்னா. உள்ளங்கையில வாட்ச், டிக் டிக் டிக். மூணு மணி ஆச்சு. கையைத் தூக்கினா. மதில் ரெண்டு ஆள் உசரம். உள்ள கடகட கடகடன்னு ஓடிக்கிட்டே இருந்துது.

பஸ் வந்துது. கொஞ்ச நேரம் நின்னுது. யாரும் வரல. "டர்ர்"ருன்னு போயிருச்சு. அப்புறந்தான் சங்கு. ப்பூ...ஊ...ஊ.

எல்லாரும் வந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவளைத் தாண்டிப் போனாங்க. கடைசியா துளசிமணி. ஜாக்கெட் நனைஞ்சிருந்துது. நின்னா.

"அக்கா... மணி என்னக்கா?"

மயிலாத்தா வாட்ச்சை இடுப்புல செருகினா.

"சங்கைக் கேளு"ன்னு சொல்லிட்டு நடந்துட்டா.

"அப்புறம்?"

அப்புறம் ஒண்ணும் இல்ல. வாட்ச்சுக்கு இன்னும் வார் போடல. கதை அவ்வளவுதான் சாமி, கண்ணை மூடு. காலையில சங்கு ஏழு மணிக்கு டாண்ணு ஊதிரும். அதுக்குள்ள தூங்கு.