பழுக்காத ஆட்டங்கள்

ஒரு காட்டில், கேளுங்கள் பிள்ளைகளே, சிங்கத்தையே சட்டை செய்யாத குரங்கு ஒன்று இருந்தது. பெயர் செவலை. அந்தக் காட்டிலேயே முதலில் வீடியோ கேம் பெட்டி வாங்கியது அதுதான். அந்தப் பெருமையில் அதன் வால் கீழே இறங்கியதே இல்லை.

செவலைக்கு வீடும் சாப்பாடும் ஒரே பலாமரம். அதன் பொந்து நிறையக் கேம்கள். உறை பிரித்தவை சில, பிரிக்காதவை பல. ஆடி முடித்தது? ஒன்றுகூடக் கிடையாது! தாயத்தில் காய் வீடு சேர்ந்தால் "பழம்!" என்று கத்துவோமே, அந்தக் காட்டில் எந்த ஆட்டத்தை முடித்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். செவலையின் பொந்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

ஒருநாள் நரி புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. நரி விற்பதோடு சரி, ஒருநாளும் விளையாடியதில்லை.

"செவலை அண்ணே, புது மாடல்! முயல்கூடக் கேட்டுவிட்டுப் போனது. உங்கள் பழைய டப்பாவைப் பார்த்துக் காடே சிரிக்காதா? இந்தப் பலாமரத்தைக் கொடுங்கள், பெட்டி உங்களுக்கு!"

முயல் வாங்குவதா? செவலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மரம்தானே..." என்று வாயெடுத்தது.

பக்கத்துக் கிளை அணிலுக்குப் பகீர் என்றது. மரம் போனால் நண்பன் எங்கே தூங்குவான், எதைத் தின்பான்? சட்டென்று கீழே குதித்தது.

"நரி மாமா, உங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா?"

"தெரியாதே."

"அப்புறம் மரம் எதற்கு? பொந்தில் இருக்கும் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பழம் கேளுங்கள். எல்லாம் வந்ததும் பெட்டியைக் கொடுங்கள்."

பொந்து பிதுங்கி வழிவதைப் பார்த்த நரிக்கு எச்சில் ஊறியது. "கேமுக்கு ஒரு பழம்! அதோ நிற்கும் யானை சாட்சி, பேச்சு மாறக் கூடாது!"

செவலை பலாப்பழம் பறிக்கக் கை நீட்டியது. அணில் அதன் காதைக் கடித்தது: "அட மக்கு! கேமில் பழம் என்றால் என்ன?"

செவலையின் வால் முதன்முறையாகத் தொங்கியது. பொந்துக்குள் போய், அடியில் கிடந்த ஒரு கேமைத் தூசி தட்டி எடுத்தது. ஆடியது, தோற்றது, கோபித்துக்கொண்டது, மறுபடி ஆடியது. கடைசியில் காடு அதிர ஒரு சத்தம்.

"பழம்!"

யானை பிளிறியது. முயல் ஓடிவந்து, "எப்படி அண்ணே முடித்தீர்கள்? எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்!" என்றது. செவலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காட்டிலேயே முதல் பெட்டி வாங்கிய அன்றுகூட அதற்கு இத்தனை பெருமை வரவில்லை.

நரி கூடையோடு மூச்சிரைக்க வந்தது. "எங்கே பழம்?"

"இப்போதுதானே கத்தினேன், காது கேட்கவில்லையா? ஒன்று தந்தாயிற்று. மற்றதெல்லாம் இன்னும் காய்!"

யானை தலையாட்டியது. நரிக்கு முகம் வெளிறியது. "அதெல்லாம் பழுப்பதற்குள் என் பெட்டி பழசாகிவிடுமே!"

"ஆகட்டுமே," என்றது செவலை, வாலை உயர்த்திக்கொண்டு. "பழசில்தான் எனக்குப் பழம் விழுகிறது!"

நீதி: இருப்பதை ஆடி முடி, புதியதைப் பிறகு கேள்.